காந்தளை நிறத்தால் மட்டும் தேடினால்

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்ததும் வேலியோரங்களைப் பாருங்கள். மழைக்காலமென்றால் செங்காந்தள் கண்ணில் படக்கூடும். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. அரும்பில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இந்த நிறங்கள் எல்லாம் இருக்கும்.

ஒரு படத்தைக் கொடுத்தால் அதைப் போன்ற படங்களைத் தேடித்தரும் கணினிக்கு இந்த நிறமாற்றம் கடினமான சோதனை. 1991-இல் ஸ்வெய்ன், பல்லார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: ஒரு படத்தில் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி, அந்தக் கணக்கை மற்றப் படங்களின் கணக்கோடு ஒப்பிடுவது. எளிமையானது, வேகமானது. படத்தைத் திருப்பி வைத்தாலும் கணக்கு மாறாது. ஆனால் எந்த நிறம் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சிவந்த காந்தளும் செம்பருத்தியும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்!

அங்கேதான் வடிவம் கைகொடுக்கிறது. மேல்நோக்கி வளைந்த, ஓரம் நெளிந்த இதழ்கள். நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும் இலை. பூவின் நிறம் மாறினாலும் அந்த இலை நுனி மாறுவதில்லை. நிறம், வடிவத்தின் விளிம்பு, பரப்பின் இழைநயம் மூன்றையும் சேர்த்து எடைபோட்டால்தான் தேடல் உருப்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே மலைக்குப் போகிறவர்களே, பூவை மட்டும் படமெடுக்காதீர்கள். இலை, தண்டு, காய் எல்லாவற்றையும் எடுங்கள். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரையும் எழுதிப் பதிவிடுங்கள். கிழங்கைத் தோண்டாதீர்கள், அது கொடிய நஞ்சு.