நீர்மட்டமும் பம்பியின் வலுவும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியிலே முரசுமோட்டையில் பிறந்து வளர்ந்த எமக்கு, எதனையும் நீரைக்கொண்டு அளந்து பார்க்கும் வழக்கம் இளமையிலேயே படிந்துவிட்டது. எம்மூர் வயல்களுக்கு வாய்க்கால் வழியே நீரளிப்பது இரணைமடுக் குளம். முன்னர் 34 அடியாகவிருந்த அதன் முழுக் கொள்மட்டம், 2018ஆம் ஆண்டில் நிறைவுற்ற புனரமைப்பின் பின்னர் 36 அடியாயிற்று. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்தின் அடிக்கணக்கைப் பார்த்தே முடிவு செய்வர். துரிசை எவ்வளவு திறந்தாலும், மட்டம் தாழ்ந்த குளத்திலிருந்து வேகமாக நீர் வாராது என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர்.

இவ்வறிவு கணினிக்கும் உதவும் என்றால் அன்பர்கள் வியப்புறக்கூடும். கணினியின் மூளையாகிய சில்லு கடுமையாக உழைக்கும்போது மிகுந்த வெப்பத்தை வெளியிடும். அதனைக் காற்றினால் மட்டும் தணிக்க இயலாவிடத்து நீரைச் சுற்றியோடச் செய்வர். 1985இல் வெளிவந்த கிரே-2 என்னும் மீக்கணினியோ தன் சுற்றுக்களையே குளிர்திரவத்தில் அமிழ்த்தி வைத்திருந்தது. இன்று மேசைக் கணினிகளிலும் கையளவு நீர்த்தொட்டி ஒன்று, சிறு பம்பி ஒன்று, வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் றேடியேற்றர் ஒன்று ஆகியவற்றைப் பொருத்துகின்றனர்.

எம்மூர் இளைஞர் ஒருவர் அத்தகைய கணினியிலே கட்டடப் படங்கள் ஆக்கி, வெளிநாட்டாருக்கு அனுப்பிப் பிழைத்து வருகிறார். கடந்த சித்திரையில் அவர் எம்மிடம் வந்து, “ஐயா, வெயிலுக்கு மெசின் சூடேறி இடையில நிண்டு போகுது. சொன்ன நாளுக்கு வேலை குடுக்கேலாமக் கிடக்கு. பெரிய பம்பியா வாங்கிப் போடட்டோ?” என வினவினார். அதன் விலை அவருடைய ஒரு மாத உழைப்பாகும். நாம் சென்று பார்த்தோம். தொட்டியின் நீர் வற்றிப் பம்பியின் வாய்வரை இறங்கியிருந்தது. அங்கே சிறு சுழியொன்று தோன்றிக் காற்றை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது.

பம்பி நீரைத் தள்ளவல்லதேயன்றித் தானாக இழுக்கவல்லதன்று. கிணற்றிலிருந்து நீர் ஏறுவதும் வளிமண்டலம் அழுத்துவதனாலேயே என 1644இல் தொரிசெல்லி விளக்கினார். எத்துணை வலிய பம்பியாயினும் ஏறத்தாழ 34 அடிக்குமேல் நீரை உறிஞ்சி எடுக்க இயலாது. இரணைமடுவின் பழைய மட்டமும் அதே எண்ணாக அமைந்தது ஓர் இனிய தற்செயல். கணினிப் பம்பியின் வாய்க்கு மேலே எப்போதும் நீர் நிற்றல் வேண்டும். காற்றுப் புகுந்தால் ஓட்டம் குன்றும். நீரே எண்ணெயாக நின்று காக்கும் பம்பியின் அச்சும் தேயும். அந்நிலையில் வலிய பம்பி தன்னையே விரைந்து அழித்துக்கொள்ளும்.

வலுவைப் பற்றியும் ஒரு சிறு கணக்கு உண்டு. 300 வாற்று வெப்பத்தை நிமிடத்துக்கு 4 லீற்றர் நீர் ஏந்திச் சென்றால், அந்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகையே உயரும். ஓட்டத்தை இருமடங்காக்கின் அரைப் பாகை குறையும், அவ்வளவே. மூடிய சுற்றில் ஏறும் நீரின் பாரத்தை இறங்கும் நீர் ஈடுசெய்வதால், பம்பி வெல்லவேண்டியது குழாய்களின் உராய்வை மட்டுமே. தொட்டியைப் பெரிதாக்கினும் சூடேறுவது சற்றுத் தாமதிக்குமேயன்றி இறுதிச் சூடு குறையாது. இறுதிச் சூட்டைத் தீர்மானிப்பது றேடியேற்றரும் அதனூடே செல்லும் காற்றுமே.

ஆகவே இளைஞரைக் கொண்டு தொட்டியிலே வடிநீர் நிரப்பி, கணினியைச் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றி, றேடியேற்றரில் படிந்திருந்த வன்னிப் புழுதியைத் துடைப்பித்தோம். இரைச்சல் அடங்கிற்று, இயந்திரமும் இடையில் நிற்கவில்லை. அவர் தம் பணத்தைத் தங்கையின் படிப்புக்கு அனுப்பினார்.

இக்காலத்தில் எத்தொழிலிலும் வேகமான கருவிகளைத் தேடி ஓடுகின்றோம். கருவி நன்றே; எனினும் அதன் வாய்க்கு மேலே நீர் நிற்கின்றதா என முதலில் நோக்குதல் வேண்டும். நூலகமும் ஆய்வுகூடமும் நல்லாசிரியரும் எமது கல்லூரியின் நீர்மட்டமாவர். விழாக்காணும் இவ்வாண்டிலே அம்மட்டம் தாழாது காக்கப் பழைய மாணவர் யாவரும் முன்வருவாராக.