பூண்டும் புண்பட்ட கையும்

தோல் நோய் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் மனிதனை மனிதரிடமிருந்து பிரித்துவிடுகிறது. லேவியர் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைக் குருமடத்தில் பயின்றபோது, பழைய தூய்மைச் சட்டம் என்ற அளவில் படித்துவிட்டுக் கடந்து சென்றேன். அதன் பொருளை என் விரல்களே எனக்குக் கற்றுத்தரும் என அன்று நினைக்கவில்லை.

கொடைக்கானல் மலைப் பங்கில் பணியேற்ற முதல் பனிக்காலத்திலேயே என் கைவிரல்கள் வறண்டு, சிவந்து, வெடிக்கத் தொடங்கின. மருத்துவர்கள் எக்சிமா என்பதை நம் முன்னோர் கரப்பான் என்றனர். நாளுக்குப் பலமுறை சோப்பிட்டுக் கை கழுவ நேர்ந்த 2020-ஆம் ஆண்டில் அது முற்றியது. ஒரு ஞாயிறன்று நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த தாய் ஒருவர் என் விரல்களைப் பார்த்தார். தம் மகனின் தோளைத் தொட்டு, அருட்சகோதரி நின்ற வரிசைக்கு மெல்லத் திருப்பிவிட்டார். அந்தத் தாயை நான் குறை கூறவில்லை. ஆயினும் அன்று முழுவதும் என் கைகளை அங்கிக்குள் மறைத்துக்கொண்டே நடந்தேன்.

அறிந்தோர் எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம், விட்டுவிடுங்கள் என்றார் ஒருவர். வேப்பிலை வெந்நீர் என்றார் இன்னொருவர். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய களிம்பு ஒன்று சில நாள் நலம் தந்து, விட்டவுடன் இரு மடங்காய்த் திரும்பியது. பின்னாளில்தான் அறிந்தேன், அதில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருந்தது.

இந்நிலையில் பூம்பாறையில் ஓர் இல்லத்தில் அன்பியத் திருப்பலி. கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவு. படிப்படியாய் இறங்கும் வயல்கள், ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோயில், வீட்டுக்கு வீடு கட்டித் தொங்கும் பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. திருப்பலி முடிந்ததும் அவ்வீட்டு மூதாட்டி என் கையைப் பார்த்தார்.

"எங்க மலைப்பூண்டுக்குக் கேக்காத நோயா சாமி? ரெண்டு பல்லை நசுக்கி ராத்திரி வச்சுக் கட்டுங்க. காலைல பாருங்க."

அன்பால் சொன்னார், ஆவலால் கேட்டேன். மண்ணில் விளைந்தது, உணவாய் உண்பது, என்ன தீங்கு செய்துவிடும்? கட்டிக்கொண்டு படுத்தேன். நள்ளிரவில் எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். விடியலில் அவிழ்த்தபோது இரு விரல்களில் நீர்க்கொப்புளங்கள். அன்று காலைத் திருப்பலியில் கிண்ணத்தை உயர்த்தியபோது என் கைகள் நடுங்கின.

மதுரையில் தோல் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பூண்டு நல்லதுதான் பாதர், குழம்பில்." பிறகு விளக்கினார். முழுப் பல்லில் காரம் அடங்கியிருக்கிறது; நசுக்கியவுடன் கந்தகச் சேர்மங்கள் உருவாகின்றன. தன்னைக் கடிக்கும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ளப் பூண்டு வைத்திருக்கும் படைக்கலம் அது. இரவெல்லாம் தோலில் வைத்துக் கட்டினால் நெருப்புச் சுட்டது போலவே புண்ணாக்கும்.

நோயையும் விளக்கினார். அவர் சொன்னபோது எனக்குப் பூம்பாறையின் வயல் வரப்புகளில் அடுக்கிய கற்சுவர்கள் நினைவுக்கு வந்தன. கற்களுக்கிடையே உள்ள மண் கரைந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஒழுகும். வெளியிலிருந்து வேண்டாதவை நுழையும். நம் தோலில் செல்களே கற்கள். இடையிலுள்ள கொழுப்பே மண். அது குறைவதே கரப்பானின் ஒரு கூறு. இது ஒட்டுவதன்று. பெரும்பாலும் ஒரேயடியாய் நீங்குவதுமன்று. நாள்தோறும் சுவரைப் பூசி வரவேண்டும். கை ஈரமாய் இருக்கும்போதே எண்ணெய்ப் பசை தடவ வேண்டும். சிவந்து முற்றும்போது மட்டும், மருத்துவர் சொன்ன நாளளவுக்கு, சொன்ன களிம்பு.

"அப்படியானால் இயற்கை மருந்தே வேண்டாமா?" என்றேன். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றார். பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பான் கண்ட 117 குழந்தைகளிடம் நடந்த, 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய் கனிம எண்ணெயைவிட நற்பயன் தந்திருக்கிறது. மாறாக, 2013-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், ஒலிவ எண்ணெய் தோலின் மேலடுக்கை நலிவுறச் செய்தது தெரியவந்தது. திருத்தைலமாய் நாம் போற்றும் எண்ணெய்! அருளடையாளம் வேறு, அன்றாடப் பூச்சு வேறு. சித்த மருத்துவம் கரப்பானுக்கு அருகன் தைலத்தைச் சொல்கிறது. அதையும் கற்றறிந்த சித்த மருத்துவரின் கண்பார்வையில் கொள்வதே முறை.

விவிலியம் இதற்கு முரணன்று. எசேக்கியா அரசரின் கட்டிக்கு அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார் எசாயா. மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்று சொல்லும் சீராக்கின் ஞானம், அதே அதிகாரத்தில் மருத்துவருக்கும் இடம் கொடுக்கப் பணிக்கிறது. கொடையை ஏற்பவன் அதன் குணத்தையும் அறிய வேண்டும். நானோ அறியாமையை நம்பிக்கை என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் பூம்பாறை சென்றேன். மூதாட்டி ஆவலோடு என் கையை வாங்கிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. சற்று நேரம் பேசாதிருந்து, தம் இடக்கையை மெல்ல விரித்தார். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனிகளும் காய்த்து, உரிந்து, வெடித்திருந்தன.

"எனக்கும் இப்படித்தான் சாமி. வெதப்பூண்டு உடைக்கிற காலத்துல வரும். அப்புறம் கொஞ்சம் கொறையும். வேலை செய்யிற கைதானேன்னு விட்டுட்டேன்."

நான் வாயடைத்துப் போனேன். பூண்டைப் பிடிப்பது இடக்கையின் அந்த மூன்று விரல்களே. பூண்டு ஒவ்வாமையின் அடையாளம் அவ்விடத்தில் தோன்றும் என்று மருத்துவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். தமக்கு நோய் தந்ததையே அவர் எனக்கு மருந்தாய்த் தந்திருக்கிறார், அறியாமல். ஆனால் என்னைச் சுட்டது அதுவன்று. அந்த இடக்கையை விரித்துத்தான் அவர் ஒவ்வொரு முறையும் நற்கருணை வாங்குவார். எத்தனை முறை அந்த உள்ளங்கையில் ஆண்டவரின் உடலை வைத்திருப்பேன்! ஒரு முறையேனும் அந்த விரல்களைப் பார்த்தேனா? என் விரல்களை யார் பார்க்கிறார்கள் என்ற கவலையிலேயே இருந்திருக்கிறேன்.

அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பூண்டே காரணம் என்று உறுதியாயிற்று. சாதாரணக் கையுறை போதாது, அந்தச் சேர்மம் அதையும் ஊடுருவும் என்றார் மருத்துவர். இப்போது விதைப்பூண்டு உடைப்பது மருமகளின் பொறுப்பு. மூதாட்டி மாட்டையும் அடுப்பையும் பார்த்துக்கொள்கிறார். விரல்கள் தேறியிருக்கின்றன, முழுமையாக அல்ல. என் கைகளும் அப்படியே.

தொழுநோயாளரை இயேசு ஒரு சொல்லாலேயே நலமாக்கியிருக்கலாம். ஆனால் கையை நீட்டித் தொட்டார் என்று மாற்கு எழுதுகிறார். இதை எத்தனையோ மறையுரைகளில் விளக்கியிருக்கிறேன். இப்போது நற்கருணை வழங்கும்போது, நீட்டப்படும் ஒவ்வொரு கையையும் ஒரு கணம் பார்க்கிறேன். பூண்டு உடைத்த கை, கேரட் கழுவிய கை, சிமெண்ட் குழைத்த கை. பலவற்றில் வெடிப்பு இருக்கிறது. திருப்பலி முடிந்ததும் அவர்களுள் ஒருவரையாவது அழைத்து, "கையில் என்னம்மா?" என்று கேட்கிறேன். பையில் ஒரு சிறு தேங்காய் எண்ணெய்க் குப்பியும், அந்த மருத்துவரின் முகவரியும் எப்போதும் இருக்கின்றன.