எல்லை தாண்டினால் வரி இல்லை

பெல்பாஸ்ட் நகரத்தில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு, தூறும் மழையில் நனைந்துகொண்டே டப்ளின் விமான நிலையத்துக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். ஒரே ஓர் ஆசனம் காலியாக இருந்தது. நமக்கு ஆச்சரியமாகிவிட்டது. பெல்பாஸ்டில் இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இத்தனை ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வேறு தேசத்து விமான நிலையத்துக்கு ஏன் புறப்பட வேண்டும்?

பக்கத்து ஆசனத்திலிருந்த அம்மாள் நாகர்கோவில்காரர். இருபது வருஷங்களாக அங்கே ஆஸ்பத்திரி நர்ஸாக இருப்பவர். நமது சந்தேகத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"வரிதான் ஐயா, வேறென்ன? அங்கே ஏறினால் வரி. இங்கிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் ஏறினால் வரி இல்லை" என்றார்.

உப்புக்கு வரி போட்டுப் பழகிய சர்க்கார் ஆகாயத்தை மட்டும் விட்டுவைக்குமா? பிரிட்டிஷ் சர்க்கார் விமானப் பிரயாணிகளுக்கு 1994 நவம்பரில் வரி விதித்தார்கள். ஐரோப்பாவுக்குள் போனால் 5 பவுன், அதற்கு அப்பால் போனால் 10 பவுன். ஆரம்பத்தில் சாதுவாகத்தான் இருந்தது. 2009-இல் தூரத்தைப் பார்த்துப் படிப்படியாக விதிக்கத் தொடங்கினார்கள். தூரம் அளந்ததும் வேடிக்கையானது. போகும் ஊரை விட்டு, அந்த நாட்டின் தலைநகரத்தை அளந்தார்கள். ஆகவே லாஸ் ஏஞ்சலீஸ் போகிறவனுக்கு வாஷிங்டன் கணக்கில் வரி குறைவு. அதைவிடக் கிட்டத்திலுள்ள பார்படோஸ் தீவுக்குத் தாயைப் பார்க்கப் போகிறவனுக்கு வரி அதிகம்! இந்தக் கூத்து 2015-இல்தான் ஒருவாறு நின்றது.

இந்தியாவுக்குச் சாதாரண வகுப்பில் செல்பவருக்கு 2012-இல் 81 பவுன். 2025-இல் 90 பவுன். 2026 ஏப்ரல் முதல் 102 பவுன். மேல் வகுப்பாருக்கு இரட்டிப்புக்கும் அதிகம். சாதாரண வகுப்பில் செல்லும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2016 முதல் விலக்கு உண்டு. அம்மாள் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார்: "நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேருக்கு 306 பவுன். பையனுக்குப் பத்து வயது, அதனால் தப்பித்தான். அந்தப் பணத்தில் ஊரில் எத்தனை காரியம் செய்யலாம்!" நம் ரூபாயில் அது 30,000-க்கு மேல்.

அயர்லாந்துக் குடியரசும் இந்த வரியைச் சோதித்துப் பார்த்ததுதான். 2009-இல் தலைக்கு 10 யூரோ விதித்து, 2011-இல் 3 யூரோவாகக் குறைத்து, 2014 ஏப்ரலில் அடியோடு எடுத்துவிட்டது. ஹாலந்து 2008 ஜூலையில் விதித்த வரி ஓர் ஆண்டுகூடத் தாண்டவில்லை; ஜனங்கள் பக்கத்து ஜெர்மனியில் போய் விமானம் ஏறினார்கள். வட அயர்லாந்துக்கும் 2013-இல் ஒரு சலுகை கிடைத்தது. ஆனால் அது நேரே பறக்கும் தொலைதூர விமானங்களுக்கு மட்டும். லண்டனில் மாறி இந்தியா செல்பவருக்கு அதனால் காசு பிரயோஜனமில்லை.

நியூரி பட்டணம் கடந்தது. இடது பக்கம் மோர்ன் மலைகள் மேகத்தில் மறைந்திருந்தன. எல்லை எங்கே என்று எட்டி எட்டிப் பார்த்தோம். சாவடியும் இல்லை, சிப்பாயும் இல்லை. 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவையெல்லாம் போய்விட்டன. சாலைப் பலகைகளில் மைல் கிலோமீட்டராக மாறியதும், ஆங்கிலத்துக்கு மேலே ஐரிஷ் மொழி முதலிடம் பெற்றதுமே அடையாளம். தாய்மொழிக்கு முதலிடம் தந்த அந்தப் பலகைகளைக் கண்டு நம் மனம் குளிர்ந்தது.

"எல்லாரும் இந்த வழியே வரலாமே?" என்றோம்.

அம்மாளின் முகம் வாடியது. "என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, ஐயா. எங்கள் வார்டில் புதிதாக வந்திருக்கும் பெண்களிடம் இந்தியப் பாஸ்போர்ட். அவர்கள் அயர்லாந்து விஸா தனியாக வாங்க வேண்டும். சென்ற மாதம் ஒருத்திக்குத் தகப்பனார் படுத்த படுக்கை என்று தந்தி மாதிரிச் செய்தி வந்தது. விஸாவுக்குக் காத்திருக்க முடியுமா? லண்டன் வழியாக வரியும் கொடுத்துத்தான் போனாள். சம்பளத்தில் கடன் வாங்கிக்கொண்டு போனாள்" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். சர்க்கார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 1944-இல் சிகாகோவில் செய்த உடன்படிக்கையின்படி, விமானம் தன் தொட்டியில் கொண்டுவரும் எண்ணெய்க்கு வேறு நாடு வரி விதிக்கக் கூடாது. அந்த வழக்கம் வேரூன்றி, சர்வதேச விமானங்களின் எண்ணெய் வரியின்றியே எரிகிறது. புகை எல்லார் தலைக்கு மேலும் படிகிறது. பறப்பவர் ஏதாவது கொடுக்கட்டும் என்பது சரிதான். ஆனால் உல்லாசத்துக்காக வருஷத்தில் ஆறு தடவை பறப்பவரும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பெற்றோர் முகம் பார்க்கப் போகும் நர்ஸும் ஒரே ஆசன வரிசையில் ஒரே வரி கொடுப்பது சரியா?

பாயின் நதியைக் கடக்கையில் பொழுது புலர்ந்தது. விமான நிலையத்தில் இறங்கி, அந்த அம்மாள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமியாருக்குச் சக்கர நாற்காலி தேடிப் போனார். "வருகிறேன் ஐயா" என்று திரும்பிக் கும்பிட்டார். மிச்சம் பிடித்த வரிப்பணத்தில் ஊரிலுள்ள வீட்டுக் கூரையை மாற்றப்போவதாக வழியில் சொல்லியிருந்தார். அந்தக் கூரை நன்றாக அமையட்டும் என்று வாழ்த்தினோம். தகப்பனாரைப் பார்க்கக் கடன்பட்டுப் பறந்த பெண்ணின் நினைவு மட்டும் நம்மை விட்டு அகலவில்லை.