செந்தோசாவுக்குச் செல்லுமுன் ஒரு கணக்கு

சிங்கப்பூரின் தென்கரைக்கு அப்பால், ஏறக்குறைய ஐந்து சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய சிறு தீவொன்று உண்டு. முன்னாளில் அதன் பெயர் 'புலாவ் பிளாக்காங் மாத்தி' என்பது. மலாய் மொழியிலே 'மாத்தி' என்னும் சொல் மரணத்தைக் குறிக்கும். ஆங்கிலேயர் பீரங்கிக் கோட்டை அமைத்திருந்த அத்தீவுக்கு 1972ஆம் ஆண்டில் 'செந்தோசா' எனப் புதுப்பெயர் சூட்டினர். நாம் வழங்கும் சந்தோஷம் என்னும் வடசொல்லே மலாய் மொழியிற் புகுந்து அவ்வுருப் பெற்றது. பெயருக்கேற்ப, 2010ஆம் ஆண்டில் யுனிவேர்சல் ஸ்ரூடியோஸ் என்னும் களியாட்டப் பூங்காவும் அங்கே திறக்கப்பெற்றது.

கொழும்பிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணத்தில் இருப்பதனால், நம்மவர் இல்லங்களிற் பிள்ளைகள் இப்பூங்காவின் பெயரை உச்சரிக்காத விடுமுறையே இல்லை. பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பு. பெற்றோர் அதனை நிறைவேற்ற விரும்புவதும் இயல்பு. ஆயின், மூன்று நாள் மகிழ்ச்சிக்காகத் தாயின் தாலிக்கொடி அடகு கடைக்குச் செல்லுமாயின், அம்மகிழ்ச்சிக்கு மூன்று வருடம் வட்டி கட்ட நேரிடும். ஆதலின், பயணப் பெட்டியை எடுக்குமுன் ஒரு கொப்பியை எடுப்பது நன்று.

முதலாவது கணக்கு வயதுக் கணக்கு. இப்பூங்காவில் நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரையினருக்கே சிறுவர் கட்டணம். பதின்மூன்று நிறைந்தவர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். தாய், தந்தை, பதினான்கு வயது மகன், எட்டு வயது மகள் என நால்வர் செல்லும் குடும்பத்தில், 'பெரியவர் இருவர், சிறியவர் இருவர்' என்று கணக்கிடுவது பிழை; பெரியவர் மூவர் என்பதே சரி. விமானத்திலோ இரண்டு வயது நிறையாத குழந்தைக்கே மடிக்குழந்தைக் கட்டணம். பயணத்தின் நடுவே இரண்டாம் பிறந்தநாள் வருமாயின், திரும்பும் பயணத்திற்குத் தனி இருக்கை வாங்க வேண்டிவரும்.

இரண்டாவது உயரக் கணக்கு. பூங்காவின் வேகமான ஊர்திகள் சிலவற்றில் குறித்த உயரத்தை எட்டாத பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். பழைய எகிப்தின் மம்மிகளிடையே இருளில் விரையும் ஊர்திக்கு 122 சென்ரிமீற்றர் வேண்டும். வீட்டுச் சுவரிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டால், அங்கே வாயிலில் நின்று அழும் துன்பம் நேராது. ஓரிரு ஆண்டு பொறுத்துச் செல்வதே மேல் என்ற முடிவும் அவ்வளவையினாற் பிறக்கலாம்.

மூன்றாவது காலக் கணக்கு. சிங்கப்பூர்ப் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூன் மாதத்திலும், நவம்பர் நடுப்பகுதி முதல் ஆண்டிறுதி வரையிலும் வரும். நம் நாட்டில் வழக்கமாக ஏப்பிரலிலும் ஆகஸ்டிலும் விடுமுறை கிடைப்பதால், அம்மாதங்களின் வார நாள்களிற் செல்வோர் உள்ளூர்ப் பிள்ளைகளின் கூட்டத்தைத் தவிர்க்கலாம். கூட்டம் குறைந்தால், வரிசையில் நில்லாமல் முந்திச் செல்வதற்கென விற்கப்படும் மேலதிகச் சீட்டும் வேண்டியதில்லை. ஆண்டிறுதியிலோ மழை மிகுதி. மின்னல் கண்டால் திறந்தவெளி ஊர்திகளை நிறுத்திவிடுவர்.

நான்காவது வயிற்றுக் கணக்கு. சிங்கப்பூர் உணவகங்கள் பலவற்றில் விலைப் பட்டியலிற் காண்பது முழு விலையன்று. நூறு டொலர் உணவுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 110 ஆகும். அதன்மேல், 2024ஆம் ஆண்டு முதல் ஒன்பது வீதமாகிய வரியும் சேர, 119 டொலர் 90 சதம் ஆகிவிடும். பொதுமக்கள் உண்ணும் அங்காடி நிலையங்களில் இச்சேவைக் கட்டணம் இல்லை. அவ்வங்காடி உணவுப் பண்பாட்டை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலிற் சேர்த்தது. சிராங்கூன் வீதியருகே தேக்கா நிலையத்தில் தோசையும் இடியப்பமும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரை அவ்வாறே குடிக்கலாம். போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டுசென்றால் ஒவ்வொரு நாளும் சில டொலர் மிஞ்சும்.

ஐந்தாவது நாணயக் கணக்கு. இதனை நம் நாட்டவர்க்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில வாரங்களில் முந்நூற்றறுபதை எட்டியது. இரண்டு இலட்சம் ரூபாவைச் சேமித்தவர் கையில் ஆயிரம் டொலராயிருந்த தொகை, ஐந்நூற்றைம்பது அளவிற்குச் சுருங்கிற்று. ஆகவே, திட்டத் தொகையில் பத்தில் ஒரு பங்கையேனும் தொடாமல் வைத்தல் வேண்டும். கடன் அட்டையில் வெளிநாட்டிற் செலவிட்டால், வங்கி தன் கட்டணத்தையும் சேர்க்கும் என்பதை மறத்தலாகாது. சிங்கப்பூர் நுழைவுக்கு முன் இணையத்தில் நிரப்பவேண்டிய வருகை அட்டைக்கோ கட்டணம் எதுவும் இல்லை. அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசாங்கத்தினுடையதன்று.

இனி, விலையில்லாதவற்றையும் கொப்பியின் மறுபக்கத்தில் எழுதுவோம். செந்தோசாவின் சிலோசோக் கடற்கரைக்குக் கட்டணமில்லை. சிலோசோக் கோட்டைக்கும் இல்லை. 1859இல் தோன்றி, 2015இல் உலக மரபுரிமைச் சின்னமான தாவரவியற் பூங்காவிற் காலை முழுவதும் இலவசமாக உலாவலாம். மாலையில் மெரீனா விரிகுடாப் பூந்தோட்டத்தின் செயற்கைப் பெருமரங்கள் இசைக்கேற்ப ஒளிரும் காட்சியும் இலவசமே. சிலோன் வீதியில் நம் முன்னோர் பேணி வளர்த்த செண்பக விநாயகர் ஆலயம் இருக்கிறது. மலாயாவுக்குச் சென்று உழைத்து, ஊருக்குக் காசுக்கட்டளை அனுப்பிய தலைமுறையின் நினைவை அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். களியாட்டப் பூங்காவுக்கு ஒரு நாள், ஏனையவற்றுக்கு இரண்டு நாள் என வகுத்தால், செலவு குறையும், கண்டது பெருகும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, இக்கணக்கைப் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு எழுதுவதாகும். வீதம், நாணய மாற்று, சராசரி என்று வகுப்பறையிற் சலிப்போடு படிப்பவை, தம் பயணத்தைப் பற்றியவை என்றவுடன் உயிர் பெற்றுவிடுகின்றன. நினைவுப் பொருளுக்கென ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு தொகையை முன்னரே குறித்து, அதன் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அப்பாவின் பணத்தில் ஐந்து பொம்மை கேட்கும் பிள்ளை, தன் பங்கென்றால் ஒன்றையே தேர்ந்து வாங்கும்.

கணக்கின் முடிவில் 'இவ்வாண்டு இயலாது' என்று வந்தாலும் அதனை வெட்கமின்றிப் பிள்ளைகளிடம் கூறலாம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பதைக் கண்ணாரக் கண்ட பிள்ளை, அடுத்த ஆண்டுக்கான உண்டியலைத் தானே தேடி எடுக்கும். கடனின்றிச் சென்று கடனின்றித் திரும்பும் குடும்பத்துக்கே அத்தீவின் புதுப்பெயர் முழுப் பொருள் தரும்.