பின்சீற்றில் மூன்று நாள்

வியட்நாமில் மோட்டார் சைக்கிளில் மலை சுற்றிவந்தேன் என்று சொன்னால் கம்பஸில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "நீயே ஓடினியா?" இல்லை. மூன்று நாளும் பின்சீற்றில்தான் இருந்தேன். சொன்னவுடன் கேட்டவரின் முகம் கொஞ்சம் விழும். ஏன் விழுகிறது என்று எனக்கு விளங்கும். ஏ.எல். ரியூசனுக்கு ஸ்கூட்டியில் போய்வந்த கிளிநொச்சிப் பெட்டை நான். ஒரு பொம்பிளைப்பிள்ளை தானே ஹாண்டில் பிடிக்கிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு எனக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஹா ஜியாங்கில் பின்னுக்கு இருந்ததைப் பற்றித்தான் எனக்கு எழுத விருப்பம்.

செலவு முழுக்க பெரியம்மாவின் மகளுடையது. அக்கா ஜேர்மனியில் இருக்கிறா. தனியாக ஒரு குழுவில் போய்ச் சேர அவவுக்கு விருப்பமில்லை, துணைக்கு ஆள் வேணும். எனக்குச் செமஸ்டர் விடுமுறை. எங்கட பாஸ்போர்ட்டுக்கும் வியட்நாம் இ-விசா 25 டொலருக்குக் கிடைக்கும் என்று தெரிந்த அன்றைக்கே நான் மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன். 2024 ஒக்டோபர் கடைசியில் போனோம். யாகி சூறாவளி அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மலைகளில் மண் சரிந்த இடங்கள் சிவப்பாக, காயம் மாதிரிக் கிடந்தன.

ஹா ஜியாங், வியட்நாமின் வடக்கு முனை, சீன எல்லை. (2025 ஜூலையில் அந்த மாகாணத்தைத் துயென் குவாங்கோடு சேர்த்துவிட்டார்கள். பயணிகள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.) ஹனோயில் இருந்து சுமார் 300 கிலோமீற்றர், இரவு பஸ்ஸில் படுத்துக்கொண்டு போகலாம். அங்கே இரண்டு வகையாகச் சுற்றலாம். வாடகைக்கு வண்டி எடுத்து நீங்களே ஓடலாம், அல்லது உள்ளூர்ப் பெடியன் ஒருவன் ஓட, பின்னால் இருக்கலாம். இதைத்தான் 'ஈஸி ரைடர்' என்கிறார்கள். உரிய சர்வதேச லைசன்ஸ் இல்லாமல் ஓடிப் பொலிஸில் பிடிபட்டால் தண்டம். விழுந்தால் பயணக் காப்புறுதியும் கைவிரிக்கும். அதோடு அந்த வளைவுகளைப் பார்த்த பிறகு, முதல்முறை கியர் வண்டி தொட்டவர்கள் எல்லாம் எந்தத் துணிவில் அங்கே போய் ஓடுகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எங்கள் குழுவில் ஒன்பது வண்டி. மூன்று அயர்லாந்துப் பெட்டையள், ஒல்லாந்துச் சோடி ஒன்று, மெக்சிக்கோக்காரர் ஒருவர், நாங்கள், இன்னும் ஒருவர். முன்னுக்கு ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர். இடையில் ஒருவரும் முந்தக்கூடாது. வளைவுக்கு வளைவு ஹோன். பைகளைப் பொலித்தீனால் சுற்றி றப்பர் கயிற்றால் பின்னால் கட்டி, முழங்காலுக்குக் கவசம் போட்டுவிட்டார்கள். அக்கா, "போருக்குப் போறமாதிரி இருக்கு" என்றா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வந்த ஓட்டுநர் ஏறமுதலே வயதைக் கேட்டான். முதலில் சுர்ரென்றது. பிறகுதான் தெரிந்தது, வியட்நாம் மொழியில் 'நான்', 'நீ' என்று கதைப்பதற்கே வயது தேவை. மூத்த பெண் 'சி', மூத்த ஆண் 'ஆன்', இளையவர் 'எம்'. எங்கட அக்கா, அண்ணா, தம்பி, தங்கச்சி மாதிரி. ஆனால் அங்கே தன்னைக் குறிக்கவும் அதே சொல்தான். அவனுக்குப் பத்தொன்பது, எனக்கு இருபத்தொன்று. ஆகவே நான் சி, அவன் எம். மிச்ச ஆங்கிலம் எல்லாம் போனில் மொழிபெயர்த்துத்தான். வெள்ளைக்காரர் ஒருவரும் இதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. எனக்கோ அக்கா என்று கூப்பிட்ட கணத்திலேயே பயம் பாதி போய்விட்டது.

பின்னால் இருக்கிறவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஓடுகிறவன் சரியும்போது கூடச் சரிய வேண்டும். ஸ்கூட்டி ஓடிப் பழகிய உடம்பு அதற்கு இலேசில் சம்மதிக்காது. நிமிர்ந்து நின்று பிரேக்கைத் தேடும். குவான் பா ஏற்றம் முழுக்க என் வலது கை காற்றில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தது. யென் மின் வரமுதல்தான் கை ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் நான் பார்க்கத் தொடங்கினேன்.

பார்த்தது கல். டொங் வான் கற்பீடபூமி முழுக்கச் சுண்ணாம்புக் கல், கறுப்புக் கூர்க் கல். அந்தக் கற்களுக்கு இடையில் கையளவு மண் உள்ள குழிகளில் மொங் சனம் சோளம் நடுகிறது. மண் இல்லாத குழிக்குக் கீழே இருந்து கூடையில் மண் சுமந்துபோய் நிரப்புகிறார்கள். முதுகில் கூடையோடு அந்தச் சரிவில் ஏறுகிற கிழவியை எங்கள் ஒன்பது வண்டியும் ஹோன் அடித்துக்கொண்டு கடந்தது.

இரண்டாம் நாள் தாம் மா கணவாயில் நிப்பாட்டினார்கள். வீதி பாம்பு மாதிரி வளைந்து ஏறுவது மேலே இருந்து வடிவாகத் தெரியும். அங்கே சின்னப் பெட்டையள் முதுகுக் கூடைகளில் பூ நிரப்பிக்கொண்டு நிற்பார்கள். அவர்களோடு படம் எடுத்தால் காசு. ஏழு, எட்டு வயதுதான். வழிகாட்டி எங்களிடம் சொன்னார்: "காசு குடுக்காதேங்கோ, குடுத்தா பள்ளிக்கூடம் போகாதுகள்." சரியான கதைதான். ஆனால் அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் வண்டியை நிப்பாட்டுகிறதும் அவர்கள்தானே. நிப்பாட்டாவிட்டால் அந்தப் பிள்ளைகள் ஆருக்காக அங்கே நிற்கப்போகுதுகள்? ஒல்லாந்துக்காரர் காசு கொடுத்துப் படம் எடுத்தார். அயர்லாந்துப் பெட்டை ஒருத்தி அவரோடு வாக்குவாதப்பட்டாள். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விசயம் இல்லை. மீள்குடியேறி நாங்கள் கிளிநொச்சியில் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும். விழுந்து கிடந்த தண்ணித் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு அன்ரி எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு ரொபி தந்து, எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தா. அந்தப் படம் இப்ப ஆற்றை கொம்பியூட்டரில கிடக்குதோ. ரொபி இனிப்பாத்தான் இருந்தது. அதில கோவிக்க ஒண்டுமில்லை. படத்தை ஒருக்காக் காட்டியிருக்கலாம் எண்டுதான் இண்டைக்கும் நினைக்கிறன்.

தாம் மாவில் நான் படம் எடுக்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றுது. பிறகு கிட்ட வந்து என் பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அன் தோ?" என்றது. இந்தியாவா என்று கேட்கிறாள் என்று எம் விளங்கப்படுத்தினான். "ஸ்ரீ லங்கா" என்றேன். அப்படி ஒரு இடம் அவளுக்குத் தெரியவில்லை. பூக்கூடையைக் கழற்றிவைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டாள், வந்து பார்க்கச் சொல்லி.

அன்று பின்னேரம் மா பி லெங். நாங்கள் போய்க்கொண்டிருந்த வீதிக்குப் பெயரே 'மகிழ்ச்சி வீதி'. ஹா ஜியாங்கில் இருந்து டொங் வான், மெயோ வாக் வரை சுமார் 185 கிலோமீற்றர். 1959இல் தொடங்கி 1965இல் முடித்திருக்கிறார்கள். வெட்டியவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இளைஞர் தொண்டர்கள், எங்கட வயதுக்காரர். மா பி லெங் பாறையில் மட்டும் 11 மாதம், இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு கையால் துளையிட்டிருக்கிறார்கள். கீழே நோ குவே ஆறு ஒரு பச்சை நூல் மாதிரித் தெரிகிறது. அந்த இளைஞர்களுக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். குழு அங்கே நின்றது பத்து நிமிசம், அதில் எட்டு நிமிசம் தற்படம். எம் போனில் தட்டிக் காட்டினான்: "எங்கள் கிராமத்துக்கு மின்சாரம் வரமுதல் இந்த வீதிதான் வந்தது." எங்கட பக்கமும் முதலில் வந்தது கார்பெட் ரோட்டுத்தான். அதைப் போட ஒருத்தரும் மகிழ்ச்சி எண்டு பெயர் வைக்கவில்லை.

இரவுகளைப் பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. தங்குமிடத்தில் நீளமான மேசை, சோறு, கரோக்கே, சோளச் சாராயம். அதற்கு 'ஹாப்பி வோட்டர்' என்று செல்லப்பெயர். "மோட், ஹாய், பா, யோ!" என்று எல்லாரும் கத்திக் குடிக்க வேண்டும். 2020இல் இருந்து அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு துளி மது உடம்பில் இருந்தாலும் வண்டி ஓட்டக்கூடாது. ஆகவே நான் பாட்டைக் கேட்கவில்லை, எம்மின் கோப்பையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவதோடு கவிழ்த்து வைத்துவிட்டான். அடுத்த மேசையில் கவிழ்க்காதவர்களும் இருந்தார்கள். இப்படிக் குழுவில் போக நினைக்கிறவர்கள் விலையை விசாரிக்கமுதல் இதை விசாரியுங்கோ.

மூன்றாம் நாள் பின்னேரம் ஹா ஜியாங்கில் இறக்கிவிட்டார்கள். எம்முக்குக் கொஞ்சக் காசு கையில் வைத்தேன். "நன்றி, சி" என்று போட்டு அடுத்த நாள் ஆக்களுக்கு வண்டி கழுவப் போய்விட்டான்.

ஹனோய்க்குத் திரும்பும் பஸ் பகலில் கிளம்பியது. அதனால்தான் கண்டேன். நகரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வி சுயென். வீதியோரமாக வரிசை வரிசையாகக் கல்லறைகள், எல்லாம் ஒரே அளவு. 1979இல் சீனா எல்லை தாண்டி வந்தது, பிறகு 1984இல் இருந்து 1989 வரை இந்த மலைகளில் திரும்பவும் சண்டை. அந்தச் சண்டையில் செத்த பெடியள்தான் அங்கே இருக்கிறார்கள். எல்லை மலைகளில் கண்ணிவெடி இன்னும் முழுக்க எடுத்து முடியவில்லை. வரும்போது இதே வழியால்தான் வந்திருக்கிறோம், இருட்டில், படுத்துக்கொண்டு.

அக்காவைத் தட்டி எழுப்பினேன். அவ கண்ணாடிப் பக்கம் திரும்புவதற்குள் பஸ் தாண்டிவிட்டது. "என்னடி?" என்று கேட்டா. "துயிலும் இல்லம்" என்றேன். அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குழு தந்த நிகழ்ச்சிநிரலை எடுத்துப் பார்த்தா. மூன்றாம் நாளுக்கு நேரே இருந்தது: ஹா ஜியாங் திரும்புதல், குளியல், பஸ்.