ஞாயிறு பள்ளிக்கு முன்னால் வீடு

பிள்ளைகளின் விசுவாசம் குளிர்ந்து போகிறது என்ற கவலை எழும்போதெல்லாம் நம் சபைகளில் பழி முதலில் ஞாயிறு பள்ளியின் தலையில்தான் விழுகிறது. ஆசிரியருக்குச் சொல்லத் தெரியவில்லை, பாட்டுகள் பழையவை, கோடை விடுமுறையில் நடக்கும் வேதாகமப் பள்ளி போதவில்லை என்று பட்டியல் நீளும். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஞாயிறு பள்ளிக்குக் கிடைப்பது ஒன்று. உபாகமம் ஆறாம் அதிகாரம் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது வகுப்பறையைக் குறிப்பிடவில்லை. வீட்டில் உட்காருவதையும் வழியில் நடப்பதையும் படுப்பதையும் எழுந்திருப்பதையும்தான் குறிப்பிடுகிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்துக்கு வேர் தேடிய பவுலும் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும்தான் போய் நின்றார். பிள்ளையின் விசுவாசத்துக்கு வீடே முதல் பொறுப்பு. அதிலும், வீட்டில் சொல்லப்படுவதைவிடச் செய்யப்படுவதே பிள்ளையின் மனதில் ஆழமாக இறங்குகிறது. இதற்குச் சாட்சி கொல்லிமலையில் இருக்கிறது.

இன்று வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குப் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வண்டியில் ஏறிவிடுகிறார்கள். மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913-ல் மணமுடித்து இந்த மலைக்குக் குடியேறியபோது அந்தச் சாலை இல்லை. நடக்க வேண்டும், அல்லது டோலியில் தூக்கிப் போக வேண்டும். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றிருந்தார். மகன் பால் 1914-ல் பிறந்தான். பிறகு தங்கை கோனி. பள்ளிக்கூடம் இல்லாத மலையில் அம்மாதான் வாத்தியார். பால் மரத்தின் மேல் உட்கார்ந்து பாடம் எழுதுவான். அப்பா கறையான் புற்றையும் சிலந்தியின் கூட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டி, அவற்றைப் படைத்தவரைப் பற்றிப் பேசுவார். 1918-19 விஷக்காய்ச்சல் மலையேறி வந்தபோது இருவரும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் சாகக் கிடந்தபோது, தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அந்தக் குழந்தை அந்த வீட்டில் வளர்ந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பிறனிடத்தில் அன்புகூருவது என்றால் என்னவென்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

இன்னொரு காட்சியைப் பால் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தொழுநோய் கண்ட மூன்று பேர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பிள்ளைகளை அருகில் வரவிடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய புண்பட்ட கால்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். தூர நின்ற பையன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் இரக்கம் இருந்தது, பயமும் இருந்தது. அந்தப் பையன் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் வழியைக் கண்டார். பயத்தை விட்டுவிட்டு இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பெற்றோர் குறையற்றவர்களாக இருந்தால்தான் பிள்ளைக்கு விசுவாசம் வரும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குறை உள்ள வீட்டிலும் செயல் உண்மையாக இருந்தால், சலித்து எடுத்துக்கொள்ளும் புத்தி பிள்ளைக்கு வருகிறது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் 1923-லேயே படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார்களே, பிறகு வீடு எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒன்பது வயதுப் பையனைக் கடலுக்கு அப்பால் விட்டுவருவதை இன்று யாரும் மெச்சமாட்டார்கள், நானும் மெச்சவில்லை. ஆனால் ஜெஸ்ஸி தவறாமல் கடிதம் எழுதினார். மலையில் கண்ட பூச்சியும் மரமும் அவற்றில் தெரிந்த கடவுளின் கைவேலையும் அந்தக் கடிதங்களில் இருந்தன. 1929 ஜூனில் அவர் காய்ச்சலில் இறந்தார். சாவுச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருடைய கடைசிக் கடிதம் மகன் கைக்குக் கிடைத்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாக்கள் நம்மிடையே ஏராளம். கையில் கைப்பேசி இருக்கிறது. மதிப்பெண்ணையும் பணத்தையும் தவிர வேறு பேச்சு அதில் நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது மறுப்பு, சிறு வயதிலேயே நம்பிக்கையை ஊட்டுவது திணிப்பு, வளர்ந்தபின் அவர்களே தேர்ந்துகொள்ளட்டும் என்பது. எந்த வீடும் வெறும் பலகையாகப் பிள்ளையை வைத்திருப்பதில்லை. அறப்பளீஸ்வரரையும் எட்டுக்கை அம்மனையும் கும்பிடும் கொல்லிமலைக் குடும்பத்துப் பிள்ளைக்கு யாரும் பாடத்திட்டம் போடுவதில்லை. பெரியவர்களோடு திருவிழாவுக்குப் போயே பக்தி படிகிறது. கடவுளைப் பற்றி வாயே திறக்காத வீடும், அவர் முக்கியமில்லை என்ற பாடத்தை நடத்தத்தான் செய்கிறது. எது திணிப்பு என்றால், கேள்வி கேட்ட பிள்ளையை அதட்டி உட்காரவைப்பது. வசனம் ஒப்பிக்காவிட்டால் சோறில்லை என்பது. மிஷனரி குடும்பம் விதிவிலக்கு, நமக்கு அது எட்டாது என்று சொல்பவர்களும் உண்டு. நல்ல வீட்டில் வளர்ந்தும் விசுவாசத்தை விட்டு விலகியவர்கள் உண்டு என்பதும் மெய். எந்த வளர்ப்பும் உத்தரவாதம் தராது. ஆனால் கஞ்சி காய்ச்சுவதும் கடிதம் எழுதுவதும் மிஷனரிகளுக்கு மட்டும் உரிய வேலைகள் அல்ல. எவலின் முதுமையிலும் இந்த மலைகளைவிட்டு இறங்க மனமில்லாமல் ஊழியம் செய்து, 1974-ல் 95 வயதில் மறைந்தார். பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தாம் கடைசிவரை செய்தார் என்பதே அவருடைய போதனையின் பலம்.

ஆகவே பெற்றோரே, குடும்ப ஜெபத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கினாலும் பரவாயில்லை. அதை நடத்திய கையோடு பக்கத்து வீட்டாரைப் பழித்துப் பேசாதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். காணிக்கைக் கவரில் எவ்வளவு வைக்கிறீர்கள், ஏன் வைக்கிறீர்கள் என்று அதற்குச் சொல்லுங்கள். அது கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, சேர்ந்து தேடுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியரைக் குறைசொல்வதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.