வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜெயித்தவன் பேர் நிலைக்க எப்போதும் ஒரு வழி உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான் என்று ஊர்ப்பேரைச் சொன்னாலே முதலாம் ராஜேந்திரனின் வடதிசைப் படையெடுப்பும் கூட வந்துவிடுகிறது. ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. துன்பப்பட்டவர்கள் இருந்த இடத்தின் பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது 1794இல் தொடங்கி 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்த மனநல மருத்துவமனை. இன்றும் சிகிச்சை நடக்கும் இடம் அது. ஆனால் நம் பேச்சில் கீழ்ப்பாக்கம் என்பது ஒரு வசவு. இலங்கையில் அங்கொடை, மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான்: ஊர்தான் வேறு, ஏளனம் ஒன்றுதான். இப்படிப்பட்ட கட்டடம் எங்கே இடிபடுவதாக இருந்தாலும், அதற்கு முன் அறை அறையாகப் படம் எடுத்துவைக்க வேண்டும் என்பது என் கட்சி. அழகுக்காக அல்ல, சாட்சிக்காக.

ஏர்வாடியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தப்பி ஓட வழியில்லாமல் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. நாடு பார்த்ததெல்லாம் எரிந்து முடிந்த இடத்தை. அதற்கு முந்தின சாதாரண நாள் எப்படி இருந்தது, சங்கிலி எத்தனை அடி நீளம், தண்ணீர்ப் பானை கைக்கு எட்டியதா, இதையெல்லாம் சாம்பல் சொல்லாது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. அந்த ஒரு வரி ஏன் தேவைப்பட்டது என்பதைப் பிற்காலத்தில் ஒரு மாணவிக்குப் புரியவைக்க, தூணில் அடித்த இரும்பு வளையத்தின் படம் ஒன்று போதும்.

ஆறின புண்ணைக் கீறுவானேன், இடித்துத் தள்ளிவிட்டு மறப்பதுதானே நல்லது என்று கேட்கலாம். குடும்பத்தார் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது, அவர்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. ஆனால் கட்டடத்தை இடித்தால் வசவு இடிந்துவிடாது. அதற்கு எதிராகக் காட்ட இருந்த ஒரே ஆதாரம்தான் போகும். நோயாளியின் அந்தரங்கம் என்னாவது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆளே இல்லாத வார்டில் கிடக்கும் கேஸ் ஷீட்டுக்கும் அந்த மரியாதை உண்டு என்பேன். அதை ஆவணக் காப்பகத்தில் பூட்டிவைக்கலாம், கேமரா முன் விரிக்கலாகாது. நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் மனநல மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது மச்சில் சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன, உள்ளே வந்த நாளில் நோயாளிகள் கையில் கொண்டுவந்தவை. மாநில அருங்காட்சியகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. பிறகு ஒரு புகைப்படக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து படமெடுத்தார். முழுப்பேரை வெளியிட அனுமதி இல்லை. அப்படியும் மடித்துவைத்த உடுப்பைப் பார்த்தால் போதும், திரும்பி வீட்டுக்குப் போவோம் என்று நம்பி வந்த ஒருவர் தெரிகிறார்.

எனக்கு ஒப்பாதது பேய் பங்களா பார்க்கிற பார்வை. மாசசூசெட்ஸில் 1992இல் மூடிய டான்வர்ஸ் மருத்துவமனைக்குள் பூட்டைத் தாண்டிப் போனவர்கள் ஏராளம்; 2006 வாக்கில் பெரும்பகுதியை இடித்துக் குடியிருப்பாக்கினார்கள். உரிந்த சுண்ணாம்பும் ஜன்னலில் முளைத்த அரசங்கன்றும் எந்தப் பாழடைந்த வீட்டிலும் கிடைக்கும். அங்கே துன்பம் நடந்ததற்கு அடையாளம் அதுவல்ல. ஜேசிபி வருமுன் எடுக்க வேண்டியது வேறு: ஆள் உயரத்துக்கு மேலே வைத்த ஜன்னல், கதவில் பார்வைக்கென்று வெட்டிய ஓட்டை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருக்கும். கதவைத் திருப்பி உள்பக்கத்தையும் எடுக்க வேண்டும், பிடிக்க ஒன்றும் இல்லாத வெறும் பலகையை, கை உயரத்தில் சாயம் தேய்ந்திருக்கும் அந்த இடம் தெரியும்படி.